எடைமேடை

புதுப்பித்தல் மடல் செவ்வாய்க்கிழமை வந்தது.
போன வருடம் இரண்டே முக்கால் லட்சம்.
இந்த வருடம் பதினொன்று.
கூட்டலில் பிழை என்று பதில் எழுதினேன்.
பிழையில்லை மேடம், என்றாள் ரீமா,
விற்கிறவர்களுக்கே வாய்த்த கனிவோடு.
இனி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது,
வாடகை மட்டும்தான்,
அதுவும் கோர் கணக்கில்.
உங்கள் சிப்பில் எட்டுதான் இருந்தாலும்
பதினாறாக எண்ணுவோம்.

எட்டுப் பேர் உட்கார்ந்த பந்தியில்
பதினாறு இலைக்குக் காசு.
இதை அவளிடம் சொல்லவில்லை,
பொன்னப்பா சாரிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
பீண்யா இரண்டாம் ஸ்டேஜில்
வால்வு வார்க்கிறவருக்கு
பதினொரு லட்சம் என்பது ஒரு லேத்.
'மொத்தம் எத்தனை மெஷின் இருக்கு?'
மூன்று, சார். அதற்குள் நாற்பத்தொன்று.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒவ்வொன்றும் தான் மட்டுமே இருப்பதாக நம்புகிறது
என்பதை நான் விளக்கப் போகவில்லை.

வெள்ளைப் பலகையில் மூன்று பெயர்கள்.
முதலாவது விண்டோஸோடு ஒட்டியே வரும்.
ஓசியில் வந்தது ஓசியாகவே இருக்குமா,
என்றாள் நாகவேணி.
இரண்டாவதற்கு இரும்பையே மாற்றவேண்டும்.
மூன்றாவது இலவசம்,
திருகு கழற்றி உள்ளே பார்க்கலாம்,
ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் திட்டுவதற்கு
ஒரு நம்பர் கிடையாது.
நாகவேணி எழுந்து போய்
மூன்றாவதன் பக்கத்தில்
என் நம்பரை எழுதினாள்.

மூலையில் கிடந்த பழைய பெட்டியில்
மூன்று வாரம் ஒத்திகை.
டிரைவர் இல்லாமல் சம்பளக் கணக்கு
நீலத்திரையில் விழுந்தது. எழுப்பினோம்.
நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறியதில்
வருகைப்பதிவு ஊமையானது. பேசவைத்தோம்.
பேக்கப்பிலிருந்து ஒருமுறை
முழுசாக மீட்டுப் பார்த்தபிறகுதான்
சரி என்ற சொல் என் வாயில் வந்தது.

நாற்பதுக்குச் சொந்தக்காரர் கிடைத்தார்கள்.
ஒன்றுக்கு இல்லை.
பெயர் டெஸ்ட் 2.
எக்ஸ்பி. இரண்டாயிரத்து ஒன்பதில் பிறந்தது.
பெற்றவர் எப்போதோ ராஜினாமா.
ஸ்டோர்ஸில் கேட்டோம், டிசைனில் கேட்டோம்,
சிவப்பு எழுத்தில் மூன்று மடல் போட்டோம்.
அணைத்துவிடு, வேண்டியவன் கத்துவான்.
எங்கள் தொழிலின் ஒரே பழமொழி.

சனிக்கிழமை இரவு.
ஏசி அறையில் ஸ்வெட்டரோடு,
டப்பாவில் ஆறிப்போன அவரைக்காய் உப்பிட்டு,
நகரமாட்டேன் என்கிற தொண்ணூற்றேழு சதவீதம்.
நாலு மணிக்கு நாற்பதும் எழுந்தன.
டெஸ்ட் 2 அணைந்து கிடந்தது.
நாலரைக்கு போன்.
கேட்டிலிருந்து திரிநாத்:
மேடம், காட்டாவில் நம்பர் வரவில்லை.

பனியில் ஓடினேன்.
எடைமேடை மேல் நாமக்கல் லாரி,
பதினெட்டு டன் வார்ப்பு,
கீழே பீடியோடு செங்கோடன்.
கூண்டறைத் திரையில் ஒற்றைக் கோடு
விட்டுவிட்டுத் துடித்தது.
'என்னம்மா ஆச்சு?'
வீடு மாத்தினோம்ண்ணா,
ஒரு சாமானை விட்டுட்டு வந்துட்டோம்.
'சீக்கிரம் எடுத்துட்டு வாங்க,
ஆறுக்குள்ள எலக்ட்ரானிக் சிட்டி தாண்டணும்.'

திரும்ப ஓடினேன்.
பழைய உரிமத்தில் இன்னும் பதினோரு நாள் பாக்கி.
பழைய இரும்பிலேயே அதை எழுப்பினேன்.
அது தேதி கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை,
நேராக எண்ண ஆரம்பித்தது.
இருபத்தேழாயிரத்து நானூற்று அறுபது.
ரசீது வந்தது, லாரி போனது.

காலியான மேடையில் நான் ஏறி நின்றேன்.
சும்மாதான்.
ஐம்பத்தேழு கிலோ ஆள் நான்.
அறுபது என்றது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணுமாம்,
திரிநாத் சொன்னார்.
இதுவுமா என்று கேட்டேன்,
அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை பட்டியலைத் திறந்து
நாற்பத்தொன்றாவது வரிசையில்,
பதினைந்து வருடமாகக் காலியாக இருந்த
சொந்தக்காரர் கட்டத்தில்
தட்டினேன்:
திரிநாத், மெயின் கேட்.